சேலைக்கடியில் பூட்ஸ்

எங்கள் பெரியப்பா பட்டாளத்துக்காரர். வேலூர்ப் பக்கத்தில் இது ஒரு செய்தியே இல்லை. தெருவுக்கு நாலு வீட்டில் பரண்மேல் டிரங்குப் பெட்டி இருக்கும். அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும் எழுதியிருக்கும். பெரியப்பா பெட்டிக்குள் ஒரு போட்டோ உண்டு. பின்பக்கம் மசியில் 'தேவ்லாலி, 1968' என்று எழுதியது. முன்பக்கம் மரப்பலகை மேடை, யூனிஃபார்மில் நான்கு பேர், நடுவில் சேலை கட்டிய ஒரு பெண். பெரிய பொட்டு, தலைநிறையப் பூ, தோளை ஒருபக்கமாகச் சாய்த்து வெட்கப்படுகிற மாதிரி ஒரு நிலை.

அந்தப் போட்டோ தபாலில் வந்த பிறகு பெரியம்மா மூன்று மாதம் கடிதம் போடவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. லீவில் வந்த பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து, போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து, "மூஞ்சைப் பாக்காத. கால பாரு, கால" என்றாராம். சேலைக்கரைக்குக் கீழே கறுப்பு பூட்ஸ்.

பட்டாளத்தில் பராகானா என்று ஒரு வழக்கம் உண்டு. அதிகாரியும் சிப்பாயும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பெரிய விருந்து. சாப்பாட்டோடு பாட்டு, ஆட்டம், நாடகம். நாடகம் என்றால் ஒரு ஜவானாவது சேலை கட்டியாக வேண்டும்.

பழைய ஆங்கிலப் படங்களைத் தோண்டிக்கொண்டிருப்பது என் வேலையற்ற வேலைகளில் ஒன்று. அப்படித் தோண்டும்போது 1929இல் வந்த 'ஸ்ப்ளின்டர்ஸ்' என்ற படத்தில் வந்து நின்றேன். பிரிட்டனில் பேசும்படம் வந்த முதல் ஆண்டிலேயே எடுத்த ராணுவ நகைச்சுவைப் படம். பெயருக்குத் தமிழ் சொல்வதானால், குண்டு வெடித்தால் தெறிக்கிற சில்லுகள். கதை ஒரு வரிதான்: முதல் உலகப்போரில் பிரான்ஸில் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் சிலர் சேர்ந்து ஒரு நாடகக் குழு ஆரம்பிக்கிறார்கள். அந்தக் குழுவில் பெண் வேடமும் உண்டு. எனக்குப் பெரியப்பாவின் போட்டோ ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் இது யாரோ ஸ்டூடியோவில் உட்கார்ந்து யோசித்த கதை இல்லை. அந்தக் குழு நிஜமாகவே இருந்தது. பிரான்ஸில் இருந்த பிரிட்டிஷ் படையின் ஒரு பெரும் பிரிவுக்கு முதலாம் ராணுவம் என்று பெயர்; அதன் சிப்பாய்கள் நடத்திய குழுவுக்கு 'லே ரூஜ் எ நுவார்' என்று பிரெஞ்சில் பெயர். சிவப்பர்களும் கறுப்பர்களும் என்று அர்த்தம். (கறுப்பு சிவப்பு என்றதும் நமக்கு ஒரு கொடி ஞாபகம் வரும். இது அதற்கு ரொம்ப முந்தியது.)

முதல் உலகப்போர் என்றால் சேறும் பதுங்குகுழியும்தான் நம் கண்முன் வரும். அது பொய்யில்லை. ஆனால் ஒரு சிப்பாய் மாதம் முழுக்க முன்வரிசைக் குழியில் கிடந்ததில்லை. சில நாள் முன்வரிசை, சில நாள் அதற்குப் பின்னால் உள்ள வரிசை, அப்புறம் இன்னும் பின்னால் ஏதாவது ஊரில் 'ஓய்வு' என்று மாறி மாறிப் போகும். ஓய்வு என்பதும் பேருக்குத்தான். மண் வெட்ட வேண்டும், மூட்டை தூக்க வேண்டும், டிரில்லும் உண்டு. சாயங்காலம் மட்டும் கொஞ்சம் சும்மா கிடைக்கும். பீரங்கிச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சாயங்காலங்களில் முளைத்தவைதான் கான்சர்ட் பார்ட்டி என்று அவர்கள் சொன்ன குழுக்கள். 4ஆம் டிவிஷனுக்கு 'ஃபாலீஸ்', 6ஆம் டிவிஷனுக்கு 'ஃபேன்சீஸ்', லண்டன்காரர்கள் நிறைந்த 56ஆம் டிவிஷனுக்கு 'போ பெல்ஸ்', கனடாக்காரர்களுக்கு 'டம்பெல்ஸ்'. போர் முடிவதற்குள் அநேகமாக ஒவ்வொரு டிவிஷனும் ஒரு குழு வைத்திருந்தது.

ஆளுக்குப் பஞ்சமில்லை. அன்றைய இங்கிலாந்தில் மியூசிக் ஹால் என்று ஒரு மேடை இருந்தது. பாட்டு, கோமாளித்தனம், வித்தை, ஆட்டம் எல்லாம் ஒரே ராத்திரியில் ஒரே டிக்கெட்டில். அங்கே பிழைத்தவர்கள் பலர் தாமாகவே பட்டாளத்தில் சேர்ந்திருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை 1916இல் வந்த கட்டாய ராணுவச் சேர்க்கை கொண்டுவந்து சேர்த்தது. அரங்கம்? களஞ்சியம், பள்ளிக்கூடம், எது கூரையோடு நின்றதோ அது. பெல்ஜியத்தில் போப்பரிங்க என்ற ஊரைச் சுற்றிப் பீருக்குப் போடும் ஹாப் கொடி விளையும். அங்கே டால்பட் ஹவுஸ் என்ற சிப்பாய் விடுதியை ஒட்டி, ஹாப் கிடங்காக இருந்த ஒரு மாடியையே நாடகக் கொட்டகை ஆக்கிவிட்டார்கள். அந்த வீடும் கொட்டகையும் இன்றைக்கும் இருக்கின்றன, அருங்காட்சியகமாக.

எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சார்ஜென்ட் மேஜரின் கத்தல். வாரக்கணக்கில் அதே டப்பா மாட்டிறைச்சி. யாருக்குமே பிடிக்காத பிளம்ஸ் ஆப்பிள் ஜாம். பேன். எல்லாம் அங்கே இருந்தவனுக்கு மட்டும் தெரிந்த சமாச்சாரம். இதே காலத்தில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்து இடிபாட்டில் ஒரு அச்சு எந்திரத்தைக் கண்டெடுத்து, 1916 பிப்ரவரியில் சில சிப்பாய்கள் 'வைப்பர்ஸ் டைம்ஸ்' என்று பத்திரிகை போட்டார்கள். ஈப்பர் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் 'வைப்பர்ஸ்' ஆகிவிட்டது. அந்தப் பத்திரிகை நாடக விளம்பரங்களை நையாண்டி செய்தது: குண்டு விழுந்து நொறுங்கிப்போன ஈப்பர் துணிச் சந்தைக் கட்டடத்தில் இந்த வாரம் மாபெரும் காட்சி என்கிற ரீதியில். லண்டனில் இருந்து படித்தவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று பட்டிருக்கும். அந்தக் கட்டடத்தைத் தாண்டி ராத்திரியில் நடந்து போனவனுக்குத்தான் அது சிரிப்பு.

பெண் வேடத்துக்கு வருகிறேன். நம்மூர் நாடகத்தில் ஸ்திரீபார்ட் என்று ஒரு சொல் இருந்தது; பாய்ஸ் கம்பெனிகளில் அது தனிப் பதவி, தனி மரியாதை. சிப்பாய்க் குழுக்களிலும் கிட்டத்தட்ட அதே நிலைமை. மீசையோடு பாவாடை கட்டிச் சிரிப்பு மூட்டுகிறவன் ஒருவன். ஆனால் அவனுக்குப் பக்கத்தில் உண்மையிலேயே அழகாக, நளினமாக, கேலியே இல்லாமல் பெண்ணாக வந்து பாடுகிறவன் இன்னொருவன். கொட்டகையில் ஐந்நூறு பேர் மாதக்கணக்கில் வீட்டுப் பெண் குரல் கேட்காதவர்கள். முதலாமவனுக்குக் கைதட்டல், இரண்டாமவனுக்கு நிசப்தம். 'லே ரூஜ் எ நுவார்' குழுவில் ரெக் ஸ்டோன் இந்த இரண்டாம் வகைக்குப் பேர் போனவர். படத்திலும் அவரே நடித்தார். அதே மேடையின் கோமாளி ஹால் ஜோன்ஸும் கூடவே.

போர் முடிந்ததும் குழு கலையவில்லை. 1919இல் லண்டன் சவாய் தியேட்டரில் 'ஸ்ப்ளின்டர்ஸ்' என்ற பெயரில் மேடையேறியது. நடித்தவர்கள் எல்லாரும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள், பெண்களாக வந்தவர்கள் உட்பட. அதன்பின் இருபதுகள் முழுக்க ஊர் ஊராகச் சுற்றியது. அந்த வருஷங்களில் இங்கிலாந்துத் தெருக்களில் மார்பில் மெடல் குத்திக்கொண்டு இசைப்பெட்டி வாசித்துக் காசு கேட்ட முன்னாள் சிப்பாய்களை நினைத்துக்கொண்டால், இந்தக் குழு சம்பளம் கொடுத்த வேலை என்பதும் புரியும்.

பார்க்க வந்தவர்கள் யார்? நான் இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பிரிட்டன் மட்டுமே ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களை இழந்த போர் அது. திரும்பி வந்தவர்கள் பல லட்சம். வந்தவர்கள் வீட்டில் பேசவில்லை என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. பேசவில்லை, சரி. ஆனால் பாடினார்கள். 1927 நவம்பர் 11 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் முன்னாள் சிப்பாய்களைக் கூட்டி நினைவு விழா நடத்தினார்கள். அங்கே ஆயிரக்கணக்கான நடுவயது மனிதர்கள் அந்தப் பழைய பதுங்குகுழிப் பாட்டுகளை ஒன்றாகப் பாடினார்கள், பி.பி.சி. வானொலியில் ஒலிபரப்பியது. அந்த மாதிரிக் கூட்டம் சினிமாக் கொட்டகைக்குள்ளும் உட்கார்ந்திருந்தது. ஜாம் என்ற ஒற்றைச் சொல்லுக்கே சிரிக்கத் தயாரான கூட்டம்.

அதைச் சரியாக மோப்பம் பிடித்தவர் ஹெர்பர்ட் வில்காக்ஸ் என்ற தயாரிப்பாளர். அவரும் அந்தப் போரில் விமானம் ஓட்டியவர். அவருடைய பிரிட்டிஷ் அண்ட் டொமினியன்ஸ் கம்பெனி, நாய் படம் போட்ட ரெக்கார்டுகளால் நமக்குத் தெரிந்த ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸோடு கைகோத்துப் பேசும்படங்கள் எடுக்க இறங்கியிருந்தது. இயக்கியவர் ஜாக் ரேமண்ட். குழுவின் பழைய ஆட்களோடு நெல்சன் கீஸ், லூ லேக் போன்ற மேடைக்காரர்கள். சிட்னி ஹோவர்ட் என்ற யார்க்‌ஷயர்க்காரர் இதில்தான் சினிமாவில் காலூன்றினார். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு, கைகள் மட்டும் தனியாகப் படபடத்துக்கொண்டிருக்கும். அவசரமே படாத காமெடியன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவர் என்பதால்தான் பேசும்படம் அவரைப் பிடித்துக்கொண்டது என்பது என் ஊகம். மௌனப்படத்தில் ஓடித் திரிந்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள்.

1929 எவ்வளவு திண்டாட்டமான வருஷம் என்பதைச் சொல்லியாக வேண்டும். மௌனப்படத்தில் கேமரா பறவை மாதிரி இருந்தது. எங்கே வேண்டுமானாலும் போகும். ஒலி வந்ததும் அதைக் கூண்டில் அடைத்தார்கள். நிஜமாகவே கூண்டுதான். கேமராவின் கடகடச் சத்தம் மைக்கில் விழுந்துவிடும் என்று, ஒலி புகாத ஒரு பெட்டிக்குள் கேமராவையும் கேமராமேனையும் சேர்த்துப் பூட்டி, கண்ணாடி வழியாகப் படம் பிடித்தார்கள். உள்ளே காற்று கிடையாது. முன்பு பயன்பட்ட ஆர்க் விளக்குகள் ரீங்காரம் போடும் என்று அவற்றையும் மாற்றினார்கள். மைக்கைப் பூச்சட்டியிலோ மேஜை விளக்கிலோ ஒளித்துவைத்தார்கள். நடிகர் இரண்டடி நகர்ந்தால் குரல் கிணற்றுக்குள் போய்விடும். ஆகவே நிற்க வேண்டிய இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து, ஓங்கிப் பேசத் தெரிந்தவர்களே தேவைப்பட்டார்கள்.

இந்த லட்சணத்தில் ஒரு சினிமாவுக்கு என்ன கதை பொருந்தும்? மேடை. அதனால்தான் அன்றைய பேசும்படங்கள் பாதி, நாடகத்தை அப்படியே தூக்கி வைத்தவை. நம்மூரிலும் 1931இல் 'காளிதாஸ்' வந்தபோது மேடையும் பாட்டும்தானே முதலில் வந்து நின்றன. பெரும்பாலான படங்களுக்கு இது குறையாகத் தெரிந்தது. வரவேற்பறை என்று சொன்னால் அது மேடை மாதிரி இருக்கக் கூடாது. கடற்கரை என்று சொன்னால் இன்னும் மோசம். ஆனால் 'ஸ்ப்ளின்டர்ஸ்' ஒரு களஞ்சியத்துக்குள் பலகை மேடை போட்டுப் பாடிய சிப்பாய்களின் கதை. நகராத கேமரா, ஓங்கிய குரல், சட்டமிட்ட மேடை, இவை எல்லாமே கதைக்குள்ளேயே இருந்தவை. இந்த ஒரு பொருத்தத்துக்காகவே இந்தப் படத்தை மட்டம் தட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை. படம் நன்றாக ஓடவும் செய்தது.

குரல் விஷயம் இன்னும் சுவாரசியம். அதே 1929இல் ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் 'பிளாக்மெயில்' எடுத்தார். பிரிட்டனின் முதல் பேசும்படமாக எண்ணப்படுவது. கதாநாயகி ஆனி ஓண்ட்ரா மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவர். படத்தில் அவர் லண்டன் கடைக்காரர் மகள். மௌனப்படமாக ஆரம்பித்தபோது யாருக்கும் கவலையில்லை. ஒலி வந்ததும் உச்சரிப்பு உதைத்தது. பிறகு குரல் சேர்க்கும் வசதியும் அப்போது இல்லை. ஆகவே ஜோன் பாரி என்ற நடிகையைக் கேமரா பார்வைக்கு வெளியே மைக்கோடு நிற்கவைத்தார்கள். ஓண்ட்ரா வாயசைக்க, பாரி அதே நொடியில் பேசினார். நம் டப்பிங் கலைஞர்களுக்கு அவர் மூத்த அக்கா.

ஒரு பெண்ணின் முகத்துக்கு இன்னொரு பெண்ணின் குரலைப் பொருத்த இத்தனை பாடுபட்ட அதே ஆண்டில், ஒரு ஆண் பெண்ணாக வந்து நிற்பதைப் பேசும்படத்தில் காட்டுவது சாதாரணத் துணிச்சல் இல்லை. மௌனப்படத்தில் உடையும் ஒப்பனையும் போதும். பேசும்படத்தில் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். களஞ்சியத்தில் பின்வரிசையில் இருந்தவனுக்கு மங்கிய விளக்கு வெளிச்சம் உதவி செய்தது. சினிமா அப்படி உதவாது. முகத்தைப் பெரிதாகக் காட்டும், குரலையும் பக்கத்தில் கொண்டுவரும்.

எல்லாரும் அப்போது போரைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. 1929 என்பது போரின் கொடுமையைச் சொன்ன புத்தகங்களும் நாடகங்களும் வரிசையாக வந்த வருஷம். பதுங்குகுழிக்குள்ளேயே முழுக்க நடக்கும் 'ஜர்னீஸ் எண்ட்' நாடகம் அந்த ஜனவரியில் பெரிய அரங்குக்கு வந்து கூட்டத்தைக் கதறவைத்தது. எந்த அரங்கு தெரியுமா? அதே சவாய். பத்து வருஷத்துக்கு முன்னால் 'ஸ்ப்ளின்டர்ஸ்' ஆட்கள் பாவாடை கட்டி ஆடிய அதே பலகை. இரண்டையும் பார்த்து ஒன்றுக்கு அழுது இன்னொன்றுக்குச் சிரித்த ஒரு முன்னாள் சிப்பாயாவது இருந்திருப்பார். இரண்டில் எது உண்மை என்று அவரிடம் கேட்டிருந்தால் முறைத்திருப்பார்.

இங்கே ஒரு கிளைக்கதை. 1915இல் இதே முதலாம் ராணுவத்தின் கீழ்தான் இந்தியப் படைப்பிரிவு பிரான்ஸின் நவ் ஷாப்பெலில் சண்டை போட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் இந்தியக் காலாட்படையை மெசபொத்தேமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, மாற்றினார்கள். அவர்களும் சாயங்காலங்களில் பாடித்தான் இருப்பார்கள். அவர்களில் சிலருடைய குரலைப் பதிவு செய்தது லண்டன் ஸ்டூடியோ அல்ல, எதிரி. ஜெர்மனியில் பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்ற இடத்தில் ஒரு கைதி முகாம். அங்கே மொழி ஆராய்ச்சிக்காக ஜெர்மானியப் பேராசிரியர்கள் கிராமபோன் குழாய்க்கு முன்னால் கைதிகளை நிறுத்திப் பாடவும் பேசவும் வைத்தார்கள். தட்டுகள் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1916 டிசம்பரில் மால் சிங் என்ற சீக்கிய சிப்பாய் தன்னைப் பற்றியே மூன்றாம் மனிதனைப் போல் பேசுகிறார்: ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்றான், ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மனி அவனைப் பிடித்தது, வீட்டுக்குப் போக நினைக்கிறான். அவ்வளவுதான். எனக்கு 'ஸ்ப்ளின்டர்ஸ்' பற்றி எதைப் படித்தாலும் இந்தத் தட்டு பின்னணியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சரி, மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடிய படத்துக்குத் தொடர்ச்சி எடுப்பது கோடம்பாக்கம் கண்டுபிடித்ததல்ல. 1931இல் 'ஸ்ப்ளின்டர்ஸ் இன் தி நேவி', 1937இல் 'ஸ்ப்ளின்டர்ஸ் இன் தி ஏர்'. தரை, கடல், வானம், முப்படையும் முடிந்தது. மூன்றிலும் இருந்தவர் சிட்னி ஹோவர்ட். தரைப்படை நகைச்சுவை, கப்பல் நகைச்சுவை என்று முப்பதுகளில் வேறு கம்பெனிகளும் எடுத்துத் தள்ளின. பிரிட்டிஷ் கொட்டகைகள் குறிப்பிட்ட பங்கு உள்நாட்டுப் படம் காட்டியாக வேண்டும் என்று 1927இல் போட்ட சட்டமும் அதற்கு ஒரு காரணம். பங்கை நிரப்ப எதையாவது எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தார்கள். அவற்றில் பலவற்றைப் பற்றிப் பேச எனக்கு உற்சாகமில்லை. மூன்றாவது 'ஸ்ப்ளின்டர்ஸ்' வரும்போது வானத்தில் நிஜமான சண்டைக்கே பிரிட்டன் விமானம் செய்துகொண்டிருந்தது. வில்காக்ஸ் கம்பெனியின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோ 1936 பிப்ரவரியில் தீயில் எரிந்துபோயிருந்தது.

அந்த வகைச் சிரிப்பு மட்டும் எங்கோ உயிரோடு இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஜிம்மி பெர்ரி என்ற இளம் பீரங்கிப்படைச் சிப்பாய் இந்தியாவில் ஒரு ராணுவ நாடகக் குழுவில் இருந்தார். பிறகு அந்த அனுபவத்தை வைத்து டேவிட் கிராஃப்டோடு சேர்ந்து பி.பி.சி. தொலைக்காட்சிக்கு 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதினார். 1974இலிருந்து 1981 வரை ஓடியது. அதில் ஒரு முக்கிய இந்தியப் பாத்திரத்தில் வந்தவர் முகத்தில் நிறம் பூசிய ஒரு வெள்ளைக்காரர் என்பதால் இன்றைக்கு அதை அவர்களே மறு ஒளிபரப்புச் செய்வதில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை. நான் சொல்ல வந்தது ஊரைப் பற்றி. பெர்ரி இருந்த முகாம், தொடர் ஆரம்பித்த முகாம், நாசிக் பக்கத்துத் தேவ்லாலி. ஊருக்குத் திரும்பக் கப்பல் கிடைக்காமல் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து புத்தி பேதலித்துப்போன இடம். அதனால் 'டூலாலி' என்றால் ஆங்கிலத்தில் கிறுக்கு என்றே ஆகிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு அது நம் பீரங்கிப் படைப் பள்ளி. பெரியப்பா பயிற்சி எடுத்த இடம். போட்டோவுக்குப் பின்னால் மசியில் எழுதியிருந்த ஊர்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவரிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். பீரங்கிப் படைக்காரருக்கு அது ஆச்சரியமில்லை.

"பெரியப்பா, அன்னிக்கு என்ன நாடகம் போட்டீங்க?"

போட்டோவை வாங்கிப் பார்த்தார். "இவன் யாதவ். லங்கர்ல சமையல். நல்லாப் பாடுவான். இதுல இவன்தான் சுபேதார் பொண்டாட்டி" என்று ஆரம்பித்தார். சுபேதார் லீவு கேட்டு வருகிறாராம். அப்போது ஒரு கழுதை. இல்லை, கழுதைக்கு முன்னால் பூரி எண்ணுகிற ஒரு கட்டம். "இருபத்தி மூணுன்னு சொல்லுவான், உடனே சுபேதார்..." சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "இருபத்தி மூணும்பான்டா..." மறுபடியும் அதே இடத்தில் நின்று, தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார்.

நான் காத்திருந்தேன். பெரியம்மா முறத்தில் அரிசியைப் புடைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"அம்பது வருஷமா இதேதான். இருபத்தி மூணைத் தாண்டுனதே இல்ல."